செய்ஜி எழுதிய பதின்மூன்று கடிதங்கள்

ஜூன் 2, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. வனஜா பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலாம். மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "வரேன் சார்" என்றான். அவன் வரேன் என்றால் வாரக்கணக்கு.

பதினொரு மணிக்கு இன்னொரு போன். மிருதுளா என்று ஒரு பெண். இணையத்தில் படம் காட்டும் ஒரு கம்பெனியில் தமிழுக்குப் பொறுப்பு. 'விண்மல்லன்' இரண்டாம் பாகம் வருகிறதாம், பன்னிரண்டு பகுதி. "ஏகாம்பரம் சார் எழுதினாதான் சார் அது விண்மல்லன்" என்றாள். நான் டைரி பார்த்துச் சொல்கிறேன் என்று பிகு பண்ணிக்கொண்டேன். டைரியில் மோட்டார் ரிப்பேரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பிற்காலத்தில் யாராவது இதைப் புரட்டினால் விளங்கட்டும் என்று எழுதிவைக்கிறேன். விண்மல்லன் ஜப்பான்காரர்களின் கார்ட்டூன் தொடர். பத்து மாடி உயரத்துக்கு ஓர் எந்திர வீரன். அவன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற பன்னிரண்டு வயதுப் பையன் ஹாரு. அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன் செய்ஜி. 2006-ல் தமிழ்ச் சேனல் ஒன்றில் தினமும் மாலை ஐந்தரைக்கு வந்தது. ஐம்பத்திரண்டு பகுதிக்கும் தமிழ் வசனம் அடியேன்.

முப்பத்தொன்பதாவது பகுதியில் செய்ஜி செத்துப்போவான். குழந்தைகள் பார்க்கிற நேரம், சாவு கூடாது என்றது சேனல். ஆகவே தமிழில் செய்ஜி சாகவில்லை. வியாழன் கிரகத்தில் ஒரு காவல் தளத்துக்கு மாற்றலாகிப் போனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதியிலும் ஹாரு மொட்டை மாடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிற மாதிரி ஓர் இடம் வரும். பாட்டு மட்டும் ஓடும். யாருக்கும் வாய் அசையாது. வாய் அசையாத இடத்தில் எந்தக் குரலையும் வைக்கலாம், டப்பிங்கில் அது ஒரு சௌகரியம். அங்கே அண்ணனின் கடிதத்தை வைத்தோம். பதின்மூன்று பகுதி, பதின்மூன்று கடிதம். ஜப்பானில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. தமிழ்நாட்டில் அதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "நீ சாப்பிட்டியான்னு கேக்க மாட்டேன், என்ன சாப்பிட்டேன்னு எழுது" என்று பனியனில் அச்சடித்து விற்கிறார்கள்.

எழுதியவன் நான். இதைத் தனியாகச் சொல்லவேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. தான் எழுதியதாக ஒருவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் பேச்சு இன்றைக்கு வேண்டாம்.

ஜூன் 4, புதன்

பன்னிரண்டு பகுதியையும் அனுப்பிவிட்டாள். இரண்டு நாளில் பார்த்து முடித்தேன். எரிச்சலாக இருக்கிறது.

ஹாருவுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. ஊரே தூக்கிவைத்து ஆடுகிறது. அவன் பெயரில் ஓர் அருங்காட்சியகம், அதில் விண்மல்லனைச் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அவன் அதன் பக்கம் போவதே இல்லை, பார்சல் வண்டி ஓட்டிப் பிழைக்கிறான். ஏன் போவதில்லை என்பதுதான் கதை. கடைசிப் போரில் ஜெயித்த திட்டம் அவனுடையது இல்லையாம். செத்துப்போன அண்ணனின் நோட்டில் இருந்ததாம். எல்லாரும் நீதான் வீரன் என்றபோது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டானாம். அப்படியே இருபது வருஷம்.

இதனால் ஜப்பானில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஹாருவைத் திருடனாக்கிவிட்டார்கள் என்று பாதிப் பேர். இப்போதுதான் அவன் மனிதனாகத் தெரிகிறான் என்று மீதிப் பேர். நான் முதல் கட்சி. குழந்தைகள் கும்பிட்ட ஒருத்தனைப் பிடித்து வந்து இப்படிக் கூண்டில் ஏற்றினால் என்ன அர்த்தம்? சின்னப் பையன், ஊரே பாராட்டும்போது இல்லை இல்லை என்று கையை உதறிக்கொண்டா நிற்பான்? ஒரு தடவை சும்மா இருந்துவிட்டால் அப்புறம் சொல்வதற்கு இடம் கிடைப்பதில்லை. அந்த டைரக்டருக்கு அது தெரியவில்லை.

அதை விடப் பெரிய தலைவலி எனக்கு. முதல் காட்சியே கல்லறை. கல்லில் செய்ஜியின் பெயர், செத்த தேதியோடு. தமிழ் ரசிகனைப் பொறுத்தவரை செய்ஜி வியாழனில் சௌக்கியமாக இருக்கிறான்.

ஜூன் 5, வியாழன்

மெக்கானிக் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

வடபழனியில் கம்பெனி ஆபீஸ். மிருதுளாவுக்கு இருபத்தேழு வயது இருக்கும், கரூர்ப் பெண். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"எங்க அண்ணன் அப்ப துபாய்ல இருந்தான் சார். ஞாயித்துக்கிழமைதான் போன் வரும். நடுவுல இருக்கிற நாளெல்லாம் செய்ஜி கடிதம்தான் எனக்கு" என்றாள். நான்காவது கடிதத்தைப் பார்க்காமல் ஒப்பித்தாள். 'சட்டைப் பட்டன் அறுந்தா யார்கிட்டயும் போய் நிக்காத ஹாரு. ஊசியில நூல் கோக்கக் கத்துக்கோ. நான் வந்து பாக்கும்போது உன் சட்டையில எல்லாப் பட்டனும் இருக்கணும்.' 

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி சார் தோணுச்சு?"

"தோணும்மா. வேலைன்னு உக்காந்தா வந்துரும்" என்றேன்.

பிறகு வேலையைப் பேசினோம். மேலிடத்து உத்தரவு, மூலத்தை மாற்றக் கூடாது. செய்ஜி செத்தவன்தான். ஆனால் அந்தக் கடிதங்களை இல்லை என்று சொன்னால் தமிழ் ரசிகர்கள் கல்லெடுத்து அடிப்பார்கள். செத்தவன் எப்படிப் பதின்மூன்று கடிதம் போட்டான் என்பதற்கு நான் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

கிளம்பும்போது இன்னொன்று சொன்னாள். பன்னிரண்டாவது பகுதியில் செய்ஜி வருகிறான். விண்மல்லனின் நெஞ்சறைக்குள் அவன் பதிந்து வைத்த ஒரு செய்தி, ஒன்றரை நிமிஷம். "அதே குரல்தான் சார் வேணும். கிருபாகரன் சார் நம்பர் இருக்கா உங்ககிட்ட?"

இல்லை என்றேன். இருக்கிறது. இரண்டு போன் மாற்றியும் அந்த எண் என்னோடு வந்துகொண்டே இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

பழைய பிரதிகளைத் தேடிப் பரணில் ஏறினேன். வனஜா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். விண்மல்லன் மூட்டை கிடைத்தது. ஐம்பத்திரண்டு பகுதியும் இருக்கிறது, கரையான் தொடவில்லை. மூட்டைக்கு அடியில் வேறு சில காகிதங்களும் இருந்தன.

"அது என்னங்க, இன்லேண்டு லெட்டர் கட்டு?" என்றாள்.

"ஏதோ பழசு" என்று அதை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு இறங்கினேன். முழங்காலில் சிராய்ப்பு.

மெக்கானிக் வந்தான். காயில் கம்பி எரிந்துவிட்டது என்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். இப்போது தண்ணீரும் இல்லை, மோட்டாரும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

கிடைத்துவிட்டது வழி. என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

முதல் காட்சியில் கல்லறை முன்னால் ஹாரு நிற்கிறான். மூலத்தில் ஏதோ ஒரு வரி முனகுகிறான், பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறான். முதுகு தெரிகிற நேரம் பதினாலு வினாடி. அங்கே இப்படி எழுதினேன்: 'நீ எனக்கு ஒரு கடிதம்கூட எழுதல அண்ணா. எல்லாத்தையும் நான்தான் எழுதினேன். உன் குரல்ல நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.'

அவ்வளவுதான். செய்ஜியும் செத்தான், கடிதமும் பிழைத்தது. தனியாக விடப்பட்ட ஒரு பையனின் கற்பனை. மூலக் கதையைவிட இதில் கனம் அதிகம். மிருதுளாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.  "சார், இதை டிரெய்லர்லயே வெச்சிரலாம்" என்றாள்.

வனஜாவிடமும் படித்தேன். புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அண்ணன் ஒண்ணுமே எழுதலையா?"

"இல்ல. எல்லாம் இவனே எழுதினது."

"கிருபா அண்ணன் இதைக் கேட்டா என்ன நினைப்பாரு?"

அவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவள் புளியைப் பிழிந்து சக்கையைக் குப்பையில் போட்டாள்.  முப்பது வருஷமாக இவள் பதில் சொல்லாமலே என்னை மடக்குகிறாள்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் டிரெய்லர் வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் இங்கேயும் இரண்டு கட்சி. 'எங்கள் சிறுவயதைக் கெடுக்காதீர்கள்' என்று ஒருவன் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். 'திருடனுக்கு எதற்கு அருங்காட்சியகம்' என்று இன்னொருவன். ஆனால் அந்தக் கல்லறை வரியை மட்டும் இரண்டு கட்சியும் கொண்டாடுகிறது. 'ஜப்பான்காரனே தமிழில் பார்க்கலாம்.' 'எழுதிய கைக்கு முத்தம்.' இருநூறு முந்நூறு படித்திருப்பேன்.

பிறகு ஒன்று. 'ஆறு வருடம் முன்பு ஒரு டப்பிங் கலைஞர் கடிதங்கள் எல்லாம் தன்னுடையவை என்று பேட்டி கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது ஹாருவே சொல்லிவிட்டான், அண்ணன் எழுதவில்லை என்று. அவருக்குச் சரியான செருப்படி.' அதற்குக் கீழே நாற்பது பேர் சிரிக்கிறார்கள்.

ஆறு வருஷமாக நான் ஆசைப்பட்டது இதற்குத்தான் என்று நினைத்திருந்தேன்.  வனஜாவிடம் ரசம் உப்பு என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 21, சனி

காலையிலிருந்து இரண்டு தடவை டைரியைத் திறந்து மூடிவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

நாற்பதாவது பகுதியின் ரெக்கார்டிங் அன்றைக்குக் கிருபாகரனுக்கு வேலையே கிடையாது. செய்ஜியை நான் வியாழனுக்கு அனுப்பியாயிற்று. முந்தின நாள் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸை எடுக்க வந்தான். திரையில் ஹாரு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிற அந்த நாற்பது வினாடி ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவன், "பையன் தனியா உக்காந்திருக்கான்டா ஏகா. யாராவது ஏதாவது சொல்ல வேணாமா?" என்றான். டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு மைக் அறைக்குள் போனான். கையில் காகிதம் இல்லை. 'ஹாரு, நீ சாப்பிட்டியான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா ஆமாம்பே. என்ன சாப்பிட்டேன்னு எழுது.' அப்படியே நாற்பது வினாடியும் பேசினான். அறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவன் பேசி முடித்த பிறகு நான் அதைப் பிரதியில் எழுதிச் சேர்த்தேன். என் கையெழுத்தில்.

சேனலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, தினமும் ஒன்று வேண்டும் என்றார்கள். எனக்கு வரவில்லை. நான் எழுதிய கடிதத்தில் அண்ணன் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மாதிரி பேசினான். கிருபா அடுத்த நாள் ஓர் இன்லேண்டு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் சென்னைக்கு வந்த புதிதில் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் படித்த தம்பி சுதாகரனுக்கு வாராவாரம் எழுதியவை. தம்பி ஒன்றைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்தானாம். "பாத்துட்டுக் குடுடா. சுதாவோடது" என்றான்.

இரண்டிலிருந்து ஏழு வரை அந்தக் கட்டில் இருந்தவை. சுதா என்ற இடத்தில் ஹாரு என்று போட்டேன், அவ்வளவே என் எழுத்து. பட்டன் கடிதமும் அதில் ஒன்று. எட்டிலிருந்து பதின்மூன்று வரை நானே எழுதினேன், அதற்குள் அந்த நடை எனக்குப் பிடிபட்டுவிட்டது. கட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முதலில் மறதி. அப்புறம் ஒரு பத்திரிகைக்காரர் கடிதத்தைப் பற்றிக் கேட்டார், நான் எழுதியதுதான் என்றேன். அதன் பிறகு கொடுக்க முடியவில்லை.

அவன் பேட்டியில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான். 'அதெல்லாம் நான் என் தம்பிக்கு எழுதினதுங்க.' நான் அன்றைக்கே போன் செய்தேன். "மைக்ல நின்னு படிச்சா எழுதினதா ஆயிடுமாடா?" என்று கேட்டேன்.  "சரிடா ஏகா" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அவனைப் பொய்யன் என்று ஆறு வருஷமாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்த டைரியிலும் சொல்லியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

பரணில் ஏறி அந்தக் கட்டை எடுத்தேன். வனஜா எதுவும் கேட்காமல் ஒரு துணிப்பை கொடுத்தாள். மின்சார ரயிலில் பட்டாபிராம்.

கிருபா வாசலில் உட்கார்ந்து டேபிள் ஃபேன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வா" என்றான். ஆறு வருஷம் கழித்து வந்த சிநேகிதனிடம் சொல்கிற 'வா' இல்லை, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் சொல்கிற 'வா'.

பையை நீட்டினேன். கட்டைப் பார்த்ததும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். மேலே இருந்த ஒன்றைப் பிரித்து முழுக்கப் படித்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சுதா இதைக் கேட்டான்" என்றான். "அவனுக்குப் பொண்ணு பொறந்தப்போ. பெருசானா காட்டணும்னு. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட இருக்குன்னு சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நேரா உன் வீட்டுக்கு வந்து நிப்பான். அவனுக்கு முன்கோபம். நீயா தருவேன்னு பாத்தேன்." மறுபடியும் மடித்தான். "ஒரு வருஷம் என்கிட்ட பேசல அவன். நான் குருவி மாதிரி சேத்து வெச்சேன், நீ தொலைச்சிட்டியேன்னு."

 ஊர்ப்பட்ட பேருக்கு வசனம் எழுதியவனுக்கு ஒரு வரி வரவில்லை. "தப்பு என்னோடதுதான்டா" என்றேன், கடைசியில்.

"ஆமா" என்றான். "அந்தப் போன்ல கேட்டியே, படிச்சா எழுதினதா ஆயிடுமான்னு. அதுக்கப்புறம் எப்ப மைக் முன்னாடி நின்னாலும் அது காதுல வருதுடா. வேற யாராவது கேட்டிருந்தா போடான்னு போயிருப்பேன்."

டிரெய்லரைப் பார்த்தானா என்று கேட்கவில்லை. பார்த்திருக்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது. பன்னிரண்டாவது பகுதியைப் பற்றிச் சொன்னேன். செய்ஜியாக வேறு யாரையும் போடச் சம்மதிக்க மாட்டேன் என்றேன்.

"வசனத்தை அனுப்பு. படிச்சிட்டுச் சொல்றேன்" என்றான். காபி கொடுத்தான். அவன் குடிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

இரண்டு நாள் உட்கார்ந்து முதல் பகுதியையும் பன்னிரண்டாவது பகுதியையும் மாற்றி எழுதினேன். கல்லறை முன்னால் ஹாரு இனி இப்படிச் சொல்வான்: 'நீ வியாழன்ல இருக்கேன்னு சொன்னாங்க, நம்பினேன். நீ போன பிறகும் பதின்மூணு கடிதம் வந்துச்சு. எப்படின்னு நான் கேக்கவே இல்லண்ணா.' கடைசிப் பகுதியில் விடை. திரும்பி வர மாட்டோம் என்று செய்ஜிக்குத் தெரியும். போருக்குப் போகும் முன்பே கடிதங்களை எழுதித் தளத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், ஒன்றொன்றாக அனுப்பச் சொல்லி. எழுதியவன் அண்ணன்தான்.

மிருதுளாவிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், டிரெய்லர் வந்து அஞ்சு நாள் ஆச்சு. அந்த வரிக்குத்தான் ஜனங்க சண்டையை விட்டுட்டு ஒண்ணா நிக்கிறாங்க. இப்ப மாத்தினா மேல என்ன சொல்லட்டும்?"

"அது பொய்ன்னு சொல்லும்மா."

"கதையில எது சார் பொய், எது நிஜம்?"

சொன்னேன். டிபன் பாக்ஸிலிருந்து ஆரம்பித்து, இன்லேண்டு கட்டு, பத்திரிகைக்காரர், போன் வரைக்கும். பட்டன் கடிதம் திண்டிவனத்து ஹாஸ்டல் பையனுக்கு எழுதியது என்று சொன்னபோது அவள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். மேஜை மேல் இருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடினாள்.

"காலேஜ்ல தமிழ் மன்றத்துல பேசியிருக்கேன் சார். உங்க பேரைச் சொல்லி. இருபது நிமிஷம்."

 இந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்த அன்றைக்கு ஹாருவுக்காக நான் அவ்வளவு வக்காலத்து வாங்கினது எதற்கு என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் அவளே பேசினாள். "மாத்தறேன் சார். ஆனா காரணத்தை நான் சொல்ல முடியாது. நீங்க மெயில்ல எழுதுங்க. இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே. டைட்டில்ல கடிதங்கள்னு தனியா போட்டு அவர் பேரைப் போடணும்னா எனக்கு அது கையில வேணும்." முன்பு போல எழுந்து நிற்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

மெயில் அனுப்பிவிட்டேன். பதினோரு தடவை எழுதி அழித்து, கடைசியில் ஆறு வரி. நகல் கிருபாகரனுக்கும்.

ஜூன் 30, திங்கள்

மோட்டார் வந்துவிட்டது. தண்ணீர் ஏறுகிற சத்தத்தை நானும் வனஜாவும் கீழே நின்று கேட்டோம்.

கிருபாவிடமிருந்து ஒரு செய்தி. 'வெள்ளி காலை பத்து மணி. வரேன்.' மெயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெயில் எப்படியோ வெளியே கசிந்து, ஓர் ஆள் என்னைப் பற்றி அரை மணி நேரம் வீடியோ போட்டிருக்கிறான். ஹாருவின் மூஞ்சிக்குப் பக்கத்தில் என் மூஞ்சி. வனஜா பார்க்காதீர்கள் என்றாள். பார்த்தேன். தப்பாக எதுவும் சொல்லவில்லை அவன்.

ஜூலை 4, வெள்ளி

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே கிருபா வந்துவிட்டான். மிருதுளா வணக்கம் சொன்னாள். அவனிடம் பேச நிறைய வைத்திருந்தாள் போலிருக்கிறது, தண்ணீர் பாட்டிலை மட்டும் கொடுத்தாள். இன்ஜினியர் தணிகைவேல் ஒலி அளவு பார்த்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பிரதியோடு.

காட்சி இதுதான். விண்மல்லனின் நெஞ்சறையில் ஒரு சின்னத் திரையில் செய்ஜி. கொஞ்ச நேரம் முகம் தெரியப் பேசுகிறான். பிறகு படம் காலி நாற்காலிக்குப் போகிறது, குரல் மட்டும். ஹாரு கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஒத்திகையில் அவன் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. கிழவனாகிவிட்டானே என்று பயந்தேன். இரண்டாவது தடவை, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, தணிவாகப் பேசினான். செய்ஜி வந்துவிட்டான். மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதை மறைக்கவும் இல்லை.

காட்சியின் கடைசித் துண்டுக்கு வந்தோம். பிரதியில் நான் எழுதியிருந்தது: 'உனக்குப் பதின்மூணு கடிதம் எழுதி வெச்சிருக்கேன் ஹாரு. வாரத்துக்கு ஒண்ணு வரும்.'

கிருபா காகிதத்தைப் பார்த்தபடியே நின்றான்.

"ஏகா. இது தப்புடா."

மைக் அறைக்குள் கேட்கும்படி பேசுகிற பொத்தானை அழுத்தி, என்ன தப்பு என்று கேட்டேன்.

"பதின்மூணு நான் எழுதல. ஏழுதான். எட்டுல இருந்து நீ எழுதினது."

"கதைக்குத்தானேடா. இருக்கட்டும்."

"பத்தாவது கடிதம் என்னால எழுதியிருக்க முடியாது. அதுல அண்ணன் தம்பிகிட்ட மன்னிப்புக் கேப்பான். நான் சுதாகிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல. அன்னைக்கு அதைப் படிக்கிறப்ப எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு, ரெண்டு தடவை கட் பண்ணினோம். மறந்துட்டியா நீ?"

மறந்துதான் போயிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நான் விட்டுவிட்ட என் ஆறு கடிதங்களை அவன் தனித்தனியாக ஞாபகம் வைத்திருக்கிறான்.

"மொத்தத்தையும் என் தலையில கட்டாத. ஓட விடு" என்றான்.

தணிகைவேல் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். படம் ஓடியது. செய்ஜியின் முகம் மறைந்து காலி நாற்காலி வந்தது. கிருபா காகிதத்தைத் தாங்கியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினான்.

'உனக்கு ஏழு கடிதம் எழுதி முடிச்சுட்டேன் ஹாரு. அதுக்கு மேல நேரம் இல்ல. மீதியை என் சிநேகிதன் எழுதுவான். என்னை மாதிரியே எழுதுவான், உனக்கு வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சா அவன் மேல கோவிச்சுக்காத. எனக்காக எழுதினான்னு நெனச்சுக்கோ.'

சரியாக நாற்காலி மறைகிற இடத்தில் முடித்தான். ஒரு வினாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

 தணிகைவேல் பிரதியில் விரலை வைத்து மேலும் கீழும் தேடினார். "டேக் ஓகே சார். ஆனா இந்த வரி பேப்பர்ல இல்லையே. யாரு எழுதினதுன்னு போடறது?"

"உள்ள நிக்கிறாரே, அவர்தான்" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிருபா ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டிருக்காது. பொத்தானை அழுத்திக்கொண்டு, அதையே மறுபடியும் சொன்னேன்.